தொழில் முனைவோரும் செய்தித்தாளும்

சிறு தொழில் தொடங்குவோர்க்குக் கடன் வசதி, மூலப்பொருள், இயந்திரம், தொழில்நுட்ப ஆலோசனை ஆகியவற்றைப் பெற்றுத்தர நம் நாட்டில் அமைப்புகள் பல உள்ளன. 1978ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி நாடெங்கும் நிறுவப்பெற்ற மாவட்டத் தொழில் மையங்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஆயினும், தாம் உற்பத்தி செய்த பொருளைப் பற்றிச் செய்தித்தாளில் வரச்செய்வது எவ்வாறு என்று கேட்டு வரும் தொழில் முனைவோருக்குத் தெளிவான விடை பெரும்பாலும் கிடைப்பதில்லை. ‘விளம்பரம் கொடுங்கள்’ என்று சிலர் சொல்லுவர். ‘தெரிந்த நிருபர் யாரையாவது பிடியுங்கள்’ என்று வேறு சிலர் சொல்லுவர். முன்னது சிறு முதலாளியின் கைக்கு எட்டாத செலவு. பின்னது செய்தியைச் சலுகை என்று கருதும் பிழையான எண்ணத்திலிருந்து பிறப்பது. செய்தியாளர் ஒருவரை எப்போது, எதனுடன், எம்முறையில் அணுகுவது என்பதும் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு தொழில் முறையே. வணிகவியல் மாணவரும், தொழில் துறை அலுவலரும் இதன் அடிப்படைகளை அறிந்திருத்தல் நலம்.

விளம்பரமும் செய்தியும்

விளம்பரம் என்பது விலைக்கு வாங்கிய இடம். அதில் இடம்பெறும் சொல், படம், வெளியாகும் நாள் ஆகிய அனைத்தும் பணம் கொடுத்தவரின் விருப்பப்படி அமைகின்றன. படிப்பவரும் அதை அறிவார். ஆகவே அதற்கேற்ற தள்ளுபடியுடனேயே அதைப் படிக்கிறார். செய்தி அவ்வாறன்று. ஆயிரம் தகவல்களுள் இது மக்கள் அறிய வேண்டியது என்று ஆசிரியர் குழு தேர்ந்து கொடுக்கும் இடம் அது. அத்தேர்வில் தொழில் முதலாளிக்குக் கை இல்லை என்பதனாலேயே வாசகர் அதற்கு மதிப்பளிக்கிறார். அந்த மதிப்பை விரும்பும் தொழில் முனைவோர், தலைப்பும் நாளும் பக்கமும் தம் கையில் இல்லை என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியவராகிறார். விலையின்றிக் கிடைக்கும் விளம்பரமே செய்தி என்று எண்ணி வருவோர் ஏமாற்றம் அடைவது இங்கேதான்.

இந்த வேறுபாட்டை முதன்முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் அமெரிக்க நாட்டின் ஐவி லீ ஒருவர். நிலக்கரிச் சுரங்க முதலாளிகளின் சார்பில் பணியாற்றிய அவர் 1906ஆம் ஆண்டில் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். தம் வேலை வெளிப்படையானது. தாம் அனுப்பும் தகவல் விளம்பரப் பிரிவுக்கு உரியதென்று ஆசிரியருக்குத் தோன்றினால் அதைப் பயன்படுத்த வேண்டியதில்லை. விவரங்களைச் சரிபார்க்க விரும்பும் ஆசிரியருக்கு உதவி செய்யப்படும் என்பன அதன் சாரம். அவருடைய பிற்காலப் பணிகள் பற்றிக் கடுமையான விமரிசனங்கள் உண்டு. எனினும் அந்த அறிக்கை இன்றும் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. நம் நாட்டில் இத்துறையினருக்கான பொதுத் தொடர்புச் சங்கம் 1958இல் அகில இந்திய அளவில் உருப்பெற்றது.

எது செய்தியாகிறது?

தொழிற்சாலை திறந்தது முதலாளியின் வாழ்வில் பெரு நிகழ்ச்சி, படிப்பவருக்கு அவ்வாறன்று. அதனால் தம் வாழ்வில் மாறுவது யாது என்றே அவர் கேட்கிறார். இவ்விடத்தில் குஜராத் மாநிலம் வாங்கானேர் என்னும் ஊரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதியின் வரலாறு சிந்திக்கத்தக்கது.

குயவர் குடும்பத்தில் பிறந்த இவர் மண்ணால் தோசைக்கல் போன்ற ரொட்டித் தட்டுகளையும், நீர் வடிகட்டிகளையும் செய்து விற்றுவந்தார். 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் கட்ச் பகுதியைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தின்போது, உடைந்த மண்கலத்தின் படம் ஒன்று குஜராத்தி நாளேட்டில் வெளிவந்தது. ஏழையின் குளிர்ப்பெட்டி உடைந்துபோயிற்று என்னும் பொருள்பட அதன்கீழ் எழுதியிருந்தனர். அந்தச் சொற்றொடரைப் படித்த பிரஜாபதி, மண்ணாலேயே ஒரு குளிர்ப்பெட்டி செய்தால் என்ன என்று எண்ணலானார். மேல்தட்டில் ஊற்றிய நீர் பக்கச் சுவர்களின் வழியே கசிந்து ஆவியாகும்போது உட்புறம் குளிர்கிறது. காய்கறியும் பழமும் பாலும் மின்சாரமின்றியே கெடாமல் இருக்கின்றன. பல ஆண்டு முயற்சிக்குப்பின் உருவான இக்கருவி ‘மிட்டிகூல்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, நாட்டின் எல்லை கடந்தும் செய்தியாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியவை சில உள. மின்சாரம் இல்லாத வீட்டில் பால் கெடாமல் இருக்க வழி உண்டா என்பது கோடிக்கணக்கானோரின் கேள்வி. பொருளைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளலாம், படம் எடுக்கலாம், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். இவற்றினும் முக்கியமானது மற்றொன்று. அகமதாபாத்தில் பேராசிரியர் அனில் குப்தா முதலியோர் வளர்த்த தேனீ வலையமைப்பும், 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசியப் புத்தாக்க நிறுவனமும் கிராமப்புறக் கண்டுபிடிப்புகளைத் தேடி, ஆராய்ந்து, பதிவு செய்து வந்தன. ஆகவே பிரஜாபதியின் சொல்லை மட்டும் நம்பி எழுத வேண்டிய நிலை செய்தியாளருக்கு ஏற்படவில்லை. கேட்டறிய மூன்றாவது ஒருவர் இருந்தார். செய்தியாளர் தேடுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது ஆளைத்தான். தம் பொருளைத் தாமே புகழும் முதலாளியின் கூற்றை அவர் எழுதலாம். ஆனால் அதைக் கொண்டு ஒரு பத்திக்கு மேல் நிரப்ப முடியாது.

நிருபரின் வேலை நாள்

காலை நாளேட்டின் நிருபர் அன்று எழுதப்போவது யாது என்பதை முற்பகலில் முடிவு செய்கிறார், மாலையில் எழுதுகிறார். இரவில் பக்கங்கள் முடிக்கப்படுகின்றன. தொலைவிலுள்ள மாவட்டங்களுக்குச் செல்லும் பதிப்பு முன்னதாகவே அச்சேறிவிடுகிறது. எனவே முற்பகலில் வரும் தகவலுக்குக் காது கிடைக்கும். மாலை ஆறு மணிக்குமேல் தொலைபேசியில் அழைத்து, ‘எங்கள் செய்தி வருமா?’ என்று கேட்பவர் அன்றைய செய்தியை மட்டுமன்றி அடுத்த செய்தியையும் இழக்கிறார்.

நாளைப்போலவே பருவமும் உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் (நிதியாண்டின் இறுதிக் காலாண்டுக்கு 60 நாட்களுக்குள்) கணக்கு முடிவுகளை வெளியிட வேண்டும் என்பது விதி. அவ்வாரங்களில் வணிகப் பக்க நிருபருக்கு மூச்சுவிட நேரமிராது. 2017ஆம் ஆண்டு முதல் மத்திய வரவு செலவுத் திட்டம் பிப்ரவரி முதல் நாளில் அளிக்கப்பட்டு வருகிறது. அன்று புதிய பிஸ்கட் வகை பற்றிய குறிப்பை அனுப்புவது வீண். ஆனால் வரவு செலவுத் திட்டத்தில் குறிப்பிட்ட ஒரு தீர்வை மாறினால் தம் தொழிற்கூடத்தில் என்ன நிகழும் என்று கணக்குடன் சொல்லக்கூடிய சிறு உற்பத்தியாளரை அதே நாளில் நிருபர்கள் தேடித் திரிகின்றனர். தம் பொருளைப் பற்றிப் பேசாமல் தம் தொழிலைப் பற்றிப் பேச முன்வருபவர் நாளடைவில் நம்பத்தகுந்த தகவலாளர் என்னும் பெயர் பெறுகிறார். இத்தொடர்பு ஒரு குறிப்பில் கிடைக்கும் நான்கு வரியினும் பயனுடையது.

யாரை அணுகுவது என்பதும் முக்கியம். மாவட்டத் தலைநகரிலுள்ள பகுதிநேர நிருபர், மாநிலத் தலைநகரிலுள்ள வணிகப் பக்க நிருபர், வேளாண் இதழின் ஆசிரியர், 1949 முதல் பணிபுரிந்துவரும் பிரஸ் டிரஸ்ட் ஆப் இந்தியா போன்ற செய்தி நிறுவனத்தின் நிருபர் ஆகியோரின் தேவைகள் வெவ்வேறானவை. செய்தி நிறுவனம் எடுத்துக்கொண்டால் ஒரே குறிப்பு பல இதழ்களுக்குச் செல்லும் என்பது உண்மையே. ஆனால் மாவட்டத்துக்கு வெளியே இது யாருக்கு வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே விடை கூற வேண்டியிருக்கும். அந்த இதழில் அந்த நிருபர் அண்மையில் எழுதியவற்றைப் படித்துவிட்டு அணுகுவதே முறை. நூறு முகவரிகளுக்கு ஒரே குறிப்பை அனுப்புவோர் இதை உணர்வதில்லை.

குறிப்பு எழுதும் முறை

ராஜ்கோட் நகரம் எண்ணெய் எஞ்சின்களுக்கும் பம்புகளுக்கும் பெயர் பெற்றது. அங்குள்ள சிறு தொழிற்கூடம் ஒன்று குறைந்த மின்சாரத்தில் இயங்கும் பாசனப் பம்பைத் தயாரித்திருப்பதாகக் கொள்வோம். வழக்கமாக எழுதப்படும் குறிப்பு, ‘உலகத்தரம் வாய்ந்த எங்கள் நிறுவனத்தின் பெருமைமிகு படைப்பு, மாண்புமிகு இன்னாரின் திருக்கரங்களால், இன்னார் முன்னிலையில்’ என்று தொடங்கும். பம்பு என்ற சொல்லே ஐந்தாவது வரியில்தான் வரும். (அரசு அலுவலகங்கள் விடுக்கும் குறிப்புகளும் இவ்வகையில் முன்மாதிரியாக இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.) துணையாசிரியர் முதல் இரண்டு வரிகளைப் படித்துவிட்டு ஒதுக்கிவிடுகிறார்.

குறிப்பின் முதல் பத்தியில் பொருள் யாது, யாருக்குப் பயன், விலை என்ன, எங்கே கிடைக்கும், எந்தச் சோதனையில் தேறியது என்பன அடங்கிவிட வேண்டும். எரிசக்திச் சிக்கன அமைப்பின் நட்சத்திரக் குறியீடு பெற்றிருந்தால் அதன் விவரமும், சோதனைச் சான்றின் நகலும் இணைக்கப்பட வேண்டும். இதழ் குஜராத்தியில் வெளிவந்தால் குறிப்பும் குஜராத்தியில் இருத்தல் நலம். ஆங்கிலத்தில் வரும் தொழில்நுட்பச் சொற்களை இரவு நேரத்தில் அவசரமாக மொழிபெயர்க்கும்போது குதிரைத்திறன் கிலோவாட்டாக மாறிவிடுவது உண்டு. தொடர்பு கொண்டால் உடனே விடை கூறக்கூடிய ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் குறிப்பின் இறுதியில் இருக்க வேண்டும். பெயர் கொடுத்தவர் அன்று மாலை தொலைபேசியை எடுக்காமல் இருப்பது பரவலாகக் காணப்படும் குறை.

இவை யாவும் சரியாக அமைந்த பின்னரும் நிருபர் ஒரு கேள்வி கேட்பார். பாசன மின்சாரத்துக்குப் பல மாநிலங்களில் கட்டணமே இல்லை; வேறு பல இடங்களில் பம்பின் குதிரைத்திறனுக்கு ஏற்ப ஒரே அளவான கட்டணம். அவ்வாறாயின் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதால் உழவருக்கு என்ன லாபம்? இக்கேள்விக்கு ‘நாட்டுக்கு நன்மை’ என்று மழுப்புபவர் செய்தியை இழப்பார். குஜராத்தில் 2003இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தின்கீழ் பாசனத்துக்குத் தனி மின்பாதை அமைத்து நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்ற அளவில் மின்சாரம் வழங்கும் முறை வந்தது. நேரம் அளந்து கொடுக்கப்படும்போது, அந்த நேரத்துக்குள் எவ்வளவு நீர் இறைக்க முடிகிறது என்பதே உழவரின் கணக்கு. இந்தப் பம்பு அதே நேரத்தில் கூடுதல் நீர் இறைக்குமானால் அதைச் சொல்ல வேண்டும். இல்லையெனில், மிச்சம் மின்வாரியத்துக்கே உரியது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, வாரியம் உதவித்தொகை அளிக்க வேண்டியது ஏன் என்று வாதிட வேண்டும். இரண்டாவது செய்தி முதலாவதைவிடப் பெரிதாகவும் அமையலாம். கேட்கப்படக்கூடிய கடினமான கேள்வியைத் தமக்குத் தாமே முதலில் கேட்டுக்கொள்ளாதவர் நிருபரைச் சந்திக்க ஆயத்தமாகிவிட்டார் என்று கொள்ள முடியாது.

தலைப்பு யாருடையது?

செய்தி வந்துவிட்டால் போதும் என்று எண்ணுவோருக்கு நானோ காரின் வரலாறு ஒரு பாடம். 2003ஆம் ஆண்டு ஜெனீவா மோட்டார் கண்காட்சியின்போது பிரிட்டிஷ் நாளேடு ஒன்றின் செய்தியாளரிடம் பேசிய ரத்தன் டாடா, தாம் கருதிவரும் சிறு காரின் விலை சுமார் ஒரு லட்சம் ரூபாய் அளவில் இருக்கலாம் என்றார். மறுநாள் அதுவே தலைப்பாயிற்று. மறுப்பு விடுவதா என்று எண்ணிப் பார்த்து, பின்னர் அந்த விலையையே இலக்காக ஏற்றுக்கொண்டதாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். 2008 ஜனவரி 10ஆம் நாள் தில்லி மோட்டார் கண்காட்சியில் அக்கார் காட்டப்பட்டபோது உலகின் கண்கள் அனைத்தும் அதன்மீது இருந்தன. எந்த விளம்பரச் செலவாலும் பெற முடியாத செய்தி இடம் அதற்குக் கிடைத்தது.

அச்செய்திகள் யாவும் ஒரே சொல்லில் முடிந்தன: உலகிலேயே மலிவான கார். ஆலை மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து குஜராத்தின் சானந்துக்கு மாற நேர்ந்தது, 2010இல் சில கார்கள் தீப்பற்றிய செய்திகள் வெளிவந்தது ஆகிய காரணங்களும் விற்பனையைப் பாதித்தன. ஆனால் மலிவு என்ற அடைமொழியே பெருந்தடையாயிற்று என்பதை 2013இல் ரத்தன் டாடாவே ஒப்புக்கொண்டார். இருசக்கர வண்டியிலிருந்து காருக்கு உயர விரும்பும் குடும்பம், தன் உயர்வை ஊரார் காண வேண்டும் என்று விரும்புகிறது. ஏழையின் கார் என்று பெயர் பெற்ற ஒன்றை வாயிலில் நிறுத்தத் தயங்குகிறது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார்கள் உற்பத்தி செய்யத் திட்டமிட்ட சானந்து ஆலையில், 2018 ஜூன் மாதத்தில் உருவானது ஒரே ஒரு நானோ.

ஏழையின் குளிர்ப்பெட்டி என்ற சொற்றொடர் பிரஜாபதிக்கு வழிகாட்டியது. ஏழையின் கார் என்ற எண்ணம் நானோவை முடக்கியது. இரண்டும் செய்தித்தாள் பரப்பிய சொற்களே. மண் குளிர்ப்பெட்டி சமையலறையில் இருப்பது. அது எளிமைக்கும் இயற்கைக்கும் அடையாளமாக வசதியுள்ளோராலும் வாங்கப்படலாம். கார் தெருவில் நிற்பது. எனவே நிருபரிடம் செல்லுமுன், தம் பொருளைப் பற்றித் தலைப்பில் வரக்கூடிய மூன்று சொற்கள் யாவை, அவற்றுடன் பத்து ஆண்டுகள் வாழ முடியுமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண்காட்சி மண்டபத்தில் கைதட்டல் பெறும் சொல் கடைத்தெருவில் பாரமாகலாம்.

எதிர்பாராத செய்தி

நிருபருடன் தொடர்பு நல்ல காலத்துக்கு மட்டும் உரியதன்று. 2015ஆம் ஆண்டு மேகி நூடுல்ஸில் ஈயமும் சுவையூட்டும் உப்பும் பற்றிய ஐயம் உத்தரப் பிரதேச உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் சோதனையிலிருந்து எழுந்து, சில வாரங்களில் நாடெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று. ஜூன் 5ஆம் நாள் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விற்பனைக்குத் தடை விதித்தது. அன்றுதான் நெஸ்லே நிறுவனத்தின் உலகத் தலைமை அதிகாரி தில்லியில் செய்தியாளர்களைச் சந்தித்தார். ஆகஸ்டு 13ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கி, மறுசோதனைக்கு உத்தரவிட்டது. நவம்பரில் பொருள் மீண்டும் கடைக்கு வந்தது. சோதனைகளின் நுட்பம் எவ்வாறிருப்பினும், இடைப்பட்ட வாரங்களில் வாசகர் கேட்ட குரல் பெரும்பாலும் அதிகாரிகளுடையதே. சர்வதேச நிறுவனத்துக்கே இந்நிலையாயின், ஊறுகாய் போடும் சிறு தொழிற்கூடத்தின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. ‘விவரம் தெரிந்ததும் இன்று மாலைக்குள் சொல்கிறோம்’ என்று கூறி, சொன்னபடி சொல்லுவது அங்கே முதற்கடமை.

பணமும் செய்தியும்

இக்கட்டுரையில் மனவருத்தத்துடன் எழுத வேண்டிய பகுதி இது. செய்தியாளர் கூட்டத்தில் உணவுப் பொட்டலத்துடன் உறை ஒன்றையும் வைத்துக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதழ்களின் நிர்வாகமே பணம் பெற்றுக்கொண்டு செய்தி வடிவில் விளம்பரம் வெளியிடுவது இதனினும் பெரிய தீங்கு. 2009ஆம் ஆண்டுத் தேர்தல்களின்போது இது வெளிப்படையாகப் பேசப்பட்டு, இந்தியப் பத்திரிகை மன்றம் 2010இல் இதுபற்றி அறிக்கை வெளியிட்டது. அதற்கென அமைக்கப்பட்ட துணைக்குழுவின் முழு அறிக்கை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே 2011இல்தான் வெளிவந்தது.

வணிகத் துறையில் இது வேறு உருவம் கொண்டது. விளம்பரத்துக்குப் பணம் பெறுவதற்குப் பதிலாக நிறுவனத்தின் பங்குகளையே பத்திரிகை நிறுவனம் பெற்றுக்கொள்ளும் தனி ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. பங்கு விலை உயர்வதில் நாட்டமுள்ள இதழ் அந்நிறுவனத்தைப் பற்றி நடுநிலையுடன் எழுதுமா என்ற ஐயத்தை ‘செபி’ எனப்படும் பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியம் 2009இல் பத்திரிகை மன்றத்திடம் எழுப்பியது. அவ்வாறு பங்கு வைத்திருக்கும் இதழ், அந்நிறுவனம் பற்றிய செய்தியிலேயே அதை வெளிப்படுத்த வேண்டும் என்று 2010இல் நெறிமுறை வகுக்கப்பட்டது.

நேர்மையான தொழில் முனைவோர்க்கு இதனால் நேரும் இழப்பு நேரடியானது. பக்கத்தில் பாதி விலைக்கு விற்கப்படுமானால், தகுதியால் இடம்பெற்ற மறுபாதியையும் வாசகர் அதே ஐயத்துடன் பார்ப்பார். விளம்பரம் செய்ய வசதியற்ற சிறு உற்பத்தியாளர் நம்பியிருப்பது அந்த மறுபாதியை மட்டுமே. சமூக ஊடகங்களில் பொருட்களைப் பற்றிப் பேசுவோரும் பணம் பெற்றிருந்தால் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் விதி செய்தது.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாயின் மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. விலையைப் பாதிக்கக்கூடிய தகவலை நண்பரான நிருபருக்கு முன்கூட்டிக் கொடுப்பது குற்றமாகலாம். 2015ஆம் ஆண்டு விதிகளின்படி அது முதலில் பங்குச் சந்தைக்கே செல்ல வேண்டும். சிறு நிறுவனங்களுக்கென 2012இல் தனிப் பட்டியல் மேடைகள் தொடங்கப்பட்டபின், இவ்விதி பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியது என்று இருந்துவிட முடியாது.

அலுவலர் செய்யக்கூடியது

மாவட்டத் தொழில் மைய அலுவலர் ஒருவர் அதிகச் செலவின்றிச் செய்யக்கூடியவை உள்ளன. தம் மாவட்டத்தில் எந்த இதழுக்கு எந்த நிருபர் என்ற பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். சோதனைச் சான்று பெறும் வழியைத் தொழில் முனைவோருக்குக் காட்டலாம். நிருபர் விசாரிக்கும்போது தாமே அந்த மூன்றாவது ஆளாக நின்று, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் கூறலாம். மானியம் பெற்ற தொழிற்கூடம் மூடிக்கிடந்தால் அதையும் மறைக்கலாகாது. ஒருமுறை மறைத்தவரின் பரிந்துரை பிறகு எடுபடாது.

1980 முதல் தில்லி பிரகதி மைதானத்தில் நடைபெற்று வரும் இந்திய சர்வதேச வணிகக் கண்காட்சி வழக்கமாக நவம்பர் 14ஆம் நாள் தொடங்குகிறது. செய்தி தேடி நிருபர்கள் தாமாகவே அரங்கு அரங்காக வருகின்றனர். மாநில அரங்குகளில் அமர்ந்திருக்கும் கைவினைஞரிடம் பொருள் இருக்கும். அதைப் பற்றிய ஒரு தாள் இராது. விலை, ஊர், செய்முறை, எத்தனை பேருக்கு வேலை, தொடர்பு எண் ஆகியவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கத்தில் எழுதி ஐம்பது படிகள் எடுத்துக் கொடுக்க அக்டோபரில் இரண்டு நாள் போதும்.